பதினொரு கிலோமீட்டருக்கு ஓர் இடது கால்

1

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு போலீஸ் கடிதம் ஒட்டியிருக்கிறது. ஒரே பக்கம். தலைப்பில் 'எச்சரிக்கை' என்று இருக்கிறது. அதன் கீழே என் பெயர், அடிலெய்டு முகவரி, வண்டி எண். என்ன குற்றம் என்ற கட்டத்தில் இருப்பதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: பழுதான மோட்டார் சைக்கிளில் அமர்ந்துகொண்டு, இன்னொரு மோட்டார் சைக்கிளை ஓட்டியவர் தன்னைக் காலால் தள்ளிச் செல்லப் பொதுச்சாலையில் அனுமதித்தது.

இங்கே மற்றத் தமிழ் வீடுகளின் ஃப்ரிட்ஜ் கதவில் பிள்ளைகளின் நீச்சல் சான்றிதழும் பாராட்டுப் பத்திரமும் இருக்கும். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முதலில் சிரிக்கிறார்கள், பிறகு என் முகத்தைப் பார்க்கிறார்கள். என் மனைவி மல்லிகா மருத்துவமனையில் செவிலியர். அவளுக்குக் காகிதங்கள் கோப்புக்குள் இருக்க வேண்டும். இரண்டு முறை இதைக் கழற்றி உள்ளே வைத்தாள். இரண்டு முறையும் நான் எடுத்து ஒட்டினேன்.

பதினெட்டு ஆண்டுகள் காஞ்சிபுரத்தில் ஒரு நாளிதழுக்குச் செய்தியாளனாக இருந்தேன். ஒரு காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று சேர்த்துப் படிப்பது அந்தத் தொழிலில் வந்த பழக்கம். இந்தக் கடிதத்தில் விடுபட்டவர் தாவீது. உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறார். கால் அவருடையது.

2

நாங்கள் இருவரும் உத்திரமேரூரில் பிறந்தவர்கள். எங்களுக்கு ஏரிக்குக் கீழே நிலம் இருந்தது. அவருடைய அப்பா அந்த நிலங்களில் கூலிக்கு வந்தவர். எங்கள் தெருவுக்கும் அவர்கள் தெருவுக்கும் ஒன்றேகால் கிலோமீட்டர். பின்னாளில் வண்டி மீட்டரில் அளந்து பார்த்தேன். இந்த ஒன்றேகால் கிலோமீட்டரைத் தாண்டி, எனக்கு இருபத்தாறு வயதாகும்வரை, நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. முதன்முதலில் பேசியது ஊரை விட்டுத் தள்ளி, புள்ளலூர் சாலையில்.

பல்லவரும் சாளுக்கியரும் மோதிய இடத்தைப் பற்றி ஞாயிறு மலருக்கு எழுதச் சொல்லி என்னை அனுப்பியிருந்தார்கள். போய்ப் பார்த்தேன். நெல் வயல், ஒரு பம்புசெட், மூன்று கொக்குகள். வேறொன்றும் கண்ணில் படவில்லை. குறிப்பெடுத்துக்கொண்டு திரும்பும் வழியில் என் நூறு சிசி வண்டி ஒரு முறை இருமிவிட்டு நின்றது. கால் மணி நேரம் உதைத்திருப்பேன். எதிர்த் திசையில் போன ஒருவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

"இன்னா சார், பேஜார் பண்ணுதா?"

"கிக்கரே எறங்கல."

குனிந்து எஞ்சினைத் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். "ஆயில் எப்ப சார் ஊத்துனீங்க? பிஸ்டன் புடிச்சிக்கினுகீது. இங்க ஒன்னும் ஆவாது. நூட்ரல்ல போட்டு ஏறி குந்துங்க."

"எதுல?"

"உங்க வண்டிலதான். பிரேக்க தொடாதீங்க. ஹேண்டில நேரா புடிச்சிக்கினு இருங்க. முக்கியமா, திரும்பிப் பாக்காதீங்க. நீங்க திரும்புனா வண்டியும் திரும்பும்."

நம் ஊர்ச் சாலைகளில் இதை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். தள்ளுகிறவர் வலப்பக்கம் சற்றுப் பின்னால் வருவார். அவர் வண்டி ஒரே கியரில் ஓடும். கியர் போடும் வேலை முடிந்துவிட்டதால் இடது கால் சும்மா இருக்கிறது. அதை நீட்டி முன்வண்டியின் பின் ஃபுட்ரெஸ்டில் வைப்பார். அவருடைய எஞ்சின் இரண்டு வண்டிகளையும் இழுக்கும். முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு வேலை எதுவும் கிடையாது. பின்னால் இருப்பவரை நம்பினால் போதும். அன்று அவர் காஞ்சிபுரம் எல்லைவரை என்னைத் தள்ளிக்கொண்டு வந்தார். என் பெயரைக் கேட்டார். அப்பா பெயரைச் சொன்னதும் காலை எடுத்துவிடுவாரோ என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

அடுத்த ஆண்டு பொங்கல் முடிந்த வாரம் இரண்டு நூறு சிசி வண்டிகளில் கன்னியாகுமரிக்குப் போனோம். அதன்பின் பதின்மூன்று பயணங்கள். ஹம்பி, கோவா, பூரி. காலையில் முன்னால் போகிறவர் பிற்பகலில் பின்னால் வர வேண்டும். பின்னவரின் விளக்கு கண்ணாடியில் தெரியாமல் போனால் முன்னவர் நிறுத்த வேண்டும். விதி இவ்வளவுதான். நான் நோட்டில் கிளம்பிய இடம், மீட்டர், மழை, பஞ்சர் எல்லாம் எழுதி வைத்தேன். 'சார்' ஹம்பிக்கு முன்பே 'ரிப்போர்ட்டரு' ஆகி, 'நீ' ஆகிவிட்டது.

3

மல்லிகாவுக்கு இங்கே வேலை கிடைத்து நாங்கள் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. நான் நகராட்சி நூலகம் ஒன்றில், திரும்பி வரும் புத்தகங்களை இடம் பார்த்து அடுக்குகிறேன். முதல் ஆண்டில் மேலாளர் எதைக் கேட்டாலும் நம் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவேன். நான் மறுக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு அவர் வேறு ஆளிடம் வேலையைக் கொடுத்துவிடுவார். சோம்பேறி என்ற பெயர் வாங்க இருந்தேன். மோட்டார் சைக்கிள் உரிமத் தேர்வில் முதல் முறை தோற்றேன். காரணம் என்ற இடத்தில் தேர்வாளர் எழுதியது: தேவையின்றி மூன்று முறை ஒலிப்பான் அடித்தார். வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பது எனக்கு மரியாதை. அவர்களுக்கு வசவு.

இரண்டாம் முறை தேறினேன். பழைய வண்டி ஒன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக ஓட்டினேன். கண்ணாடியில் விளக்கு எதுவும் தெரியாத சாலை என்னை அடிக்கடி நிறுத்தியது. பழக்கதோஷம்.

தாவீதை அழைப்பது என்று முடிவு செய்தோம். முதல் விசா விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அழைப்பவருக்கு விண்ணப்பதாரர் என்ன உறவு என்ற கேள்விக்கு நண்பர் என்று எழுதியிருந்தோம். ஆதாரம் போதவில்லை என்று பதில் வந்தது. அண்ணன் தம்பி என்றால் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. நண்பன் என்பதற்கு எந்த அலுவலகத்தில் சான்றிதழ் தருகிறார்கள்?

"நோட்டு எல்லாம் எங்கப்பா?" என்று கேட்டவள் என் மகள் காவ்யா. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள். வாரத்தில் இரண்டு நாள் வீட்டுச் சாப்பாடு, மற்றபடி வீட்டைக் கடந்து போவதோடு சரி. ஆனால் படிவம் என்றால் இந்த வீட்டில் அவள்தான். பதினான்கு பயண நோட்டுகளையும் மேசையில் பரப்பி, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தாள். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் கற்றதை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே போனவள், மூன்றாம் நோட்டில் நின்றாள்.

"சாவடி. தா-வுக்கு இரண்டு அடி. நான் பேசவில்லை." படித்துவிட்டு நிமிர்ந்தாள். "என்னப்பா இது?"

சொன்னேன். தென் மாவட்டம் ஒன்றில் ஒரு சோதனைச் சாவடி. முன்னால் போன நான் 'நில்' என்ற பலகையைக் கவனிக்காமல் தடுப்புக் கட்டையில் இடித்தேன். கட்டை விழுந்து ஒரு நாற்காலி உடைந்தது. காவலர் வெளியே வந்து யார் இடித்தது என்று கேட்டபோது இரண்டு வண்டிகளும் அக்கம்பக்கம் நின்றன. "நான்தான் சார்" என்றார் தாவீது. காவலர் அவர் பெயரைக் கேட்டார். ஊரைக் கேட்டார். பிறகு எந்தத் தெரு என்று கேட்டார். தெருவைச் சொன்ன பிறகுதான் அடித்தார். இரண்டு முறை. ஒன்றரை மணி நேரம் அவரை வெயிலில் உட்கார வைத்தார். என்னை நிழலில் பெஞ்சில் உட்காரச் சொன்னார். என் சட்டைப் பையில் பத்திரிகை அடையாள அட்டை இருந்தது. அந்த மாதம் எனக்கு நிச்சயதார்த்தம். வழக்கு என்று வந்தால் ஆசிரியர் என்ன சொல்வார், பெண் வீட்டார் என்ன சொல்வார் என்று கணக்குப் போட்டேன். அட்டையை எடுக்கவில்லை.

கிளம்பும்போது தாவீது சொன்னது ஒன்றுதான். "உனுக்கு கல்யாணம் கீது. எனுக்கு இன்னா, கன்னம்தானே. ஆறிடும்."

"ஏன் பேசல?" என்றாள் காவ்யா.

"அப்ப நெலமை அப்படிம்மா."

அது பதில் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தை ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்தாள். "இதையும் அனுப்பட்டுமா?"

"அனுப்பு."

இரண்டாம் முறை விசா வந்தது. அந்தப் பக்கத்தை அங்கே யாராவது படித்தார்களா, தெரியாது. என் வீட்டில் ஒருத்தி படித்துவிட்டாள்.

4

விமான நிலையத்தில் தாவீது ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். இருபத்து மூன்று மணி நேரம் அதை மடியிலேயே வைத்திருந்தாராம்.

"வெல்கம், டேவிட் அங்கிள்" என்றாள் காவ்யா.

"அங்கிளாம்ல! சித்தப்பான்னு கூப்புடு கண்ணு, வாய் வலிக்காது."

அவள் சிரித்தாள். கூப்பிடவில்லை.

அவருக்கு ஒரு வண்டி வாடகைக்கு எடுத்தோம். ஃப்ளிண்டர்ஸ் மலைத்தொடர் நோக்கி வடக்கே நான்கு நாள் பயணம். ஆகஸ்ட் மாதக் குளிர். சாலையின் இருபுறமும் கோதுமை. கோதுமை முடிந்தால் செம்மண், சாம்பல் நிறப் புதர்கள். நேர்கோடாக நாற்பது கிலோமீட்டர் சாலை. தாவீது வண்டியை ஓரம் கட்டி அதை வெகுநேரம் பார்த்தார்.

"ரோடு சூப்பராகீது. ஆளத்தான் காணோம். யாருக்குப் போட்டாங்க இத?"

"நமக்குத்தான்."

"டீக்கடை இல்லாத ரோட்ல எந்தச் சாக்குல நிக்கிறது, ரிப்போர்ட்டரே?"

எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரர்கள் தலையசைத்துப் போவது இங்கே வழக்கம். முதல் ஆள் அசைத்ததும் "நம்மள தெரியும்போலகீதே" என்றார். மதியத்துக்குள் அவரே முந்திக்கொண்டு கையைத் தூக்க ஆரம்பித்துவிட்டார். லாரிகளுக்கும் தூக்கினார். லாரிக்காரர்களும் திருப்பித் தூக்கினார்கள். ஒன்பது ஆண்டுகளில் நான் தலையசைத்ததைவிட அவர் இரண்டு நாளில் சம்பாதித்தது அதிகம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குடியுரிமைத் தேர்வில் வீட்டில் மூவருமே தேறியிருந்தோம். உறுதிமொழி விழா அடுத்த மாதம் என்று கடிதம் வந்திருந்தது. அதற்கு முன் குற்றச்சாட்டு எதுவும் வந்தால் தெரிவிக்க வேண்டும், முடிவு மாறலாம் என்று அதிலேயே எழுதியிருந்தது. ஒன்பது ஆண்டுகளில் தவறான இடத்தில் வாகனம் நிறுத்திய குற்றம்கூட என் பெயரில் இல்லை. யாருமில்லாத தெருவில் சிவப்பு விளக்குக்கு நிற்கிறவன் நான். இதை முதல் நாள் சாப்பாட்டின்போது பெருமையாக தாவீதிடம் சொன்னேன். அவர் மறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். என் வண்டி ஓசையில்லாமல் நின்றது. தாவீது டாங்கில் காதை வைத்து, சாவியைப் போட்டு எடுக்கச் சொன்னார்.

"பெட்ரோல் பம்பு சத்தமே இல்ல. பூட்சி."

"தொறந்து பாக்கலாமா?"

"தொறந்தா உள்ள கம்ப்யூட்டருகீது. அதுக்கு என் ஸ்பேனரத் தெரியாது."

போனில் சிக்னல் இல்லை. சற்று முன் கடந்த பலகையில் அடுத்த ஊர் பதினாலு கிலோமீட்டர் என்று இருந்தது. தாவீது தன் வண்டியில் ஏறி, வலப்பக்கம் வந்து நின்றார்.

"ஏறி குந்து, ரிப்போர்ட்டரே."

ஏறிக் குந்தினேன். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். பின் ஃபுட்ரெஸ்டில் ஒரு சின்னத் தட்டல். பிறகு அந்த அழுத்தம். எஞ்சின் செத்துக் கிடந்த வண்டி தானாக நகர்வது போல நகர்ந்தது. டயர் தார்மேல் உருளும் ஓசையும் காற்றும் மட்டும். ஹேண்டிலை நேராகப் பிடித்தேன். பிரேக்கைத் தொடவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. புள்ளலூரிலிருந்து இந்த இடம் எவ்வளவு தூரம் என்று தெரியாது. கால் அதே கால்தான்.

5

திரும்பிப் பார்க்கக் கூடாதே தவிர, கண்ணாடியைப் பார்க்கலாம். கண்ணாடியில் தாவீதின் விளக்குக்குப் பின்னால் சிவப்பும் நீலமுமாக இன்னொன்று தெரிந்தது.

போலீஸ் அதிகாரி ஐம்பதை நெருங்கும் பெண். செம்மண் படிந்த வண்டியிலிருந்து இறங்கினார். இரண்டு கிலோமீட்டராகப் பின்னாலேயே வருவதாகச் சொன்னார். முதலில் திருட்டு வண்டி என்று நினைத்தாராம். பிறகு, திருடர்கள் இவ்வளவு மெதுவாகப் போக மாட்டார்கள் என்று தோன்றியதாம். உரிமங்களை வாங்கிப் பார்த்தார். இப்படித் தள்ளுவது குற்றம், தள்ளியவர்மீது வழக்கு வரும், ஆனால் யார் செய்யச் சொன்னது என்பதையும் பார்க்க வேண்டும் என்றார். பேனாவைத் திறந்துகொண்டு என்னைக் கேட்டார்: இது யாருடைய யோசனை?

"இன்னா கேக்குது அந்தம்மா?" என்றார் தாவீது.

"யார் யோசனைன்னு கேக்கறாங்க."

"கேசா?"

"ஆவலாம்."

அவர் கையுறையைக் கழற்றினார். அவசரமே படவில்லை. "நான் சொல்றத அப்டியே சொல்லு. நீ வேணாம்னு தடுத்த. நான்தான் கேக்காம தள்ளிக்கினு வந்தேன். பத்து நாள்ல நான் பூடுவேன், என்னை இன்னா பண்ணப் போறாங்க? உனுக்குதான் அடுத்த மாசம் சிட்டிசன் குடுக்கறாங்க. கெடுத்துக்காத."

"தாவீது..."

"சொல்லுய்யா. எனுக்கு இதெல்லாம் புச்சா?"

என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார்.

பிறர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவதற்குப் பதினெட்டு ஆண்டுகள் சம்பளம் வாங்கியிருக்கிறேன். அப்படியே சொன்னேன். நான் தடுத்ததாகவும் தான் கேட்காமல் தள்ளியதாகவும் உங்களிடம் சொல்லச் சொல்கிறார், அது உண்மை இல்லை. ஏறி உட்காரச் சொன்னவர் அவர். ஆனால் வண்டி என்னுடையது. இந்த நாட்டுச் சட்டம் தெரிந்தவன் நான். தெரிந்தும் ஏறி உட்கார்ந்தவன் நான். எழுதுவதானால் என் பெயரை எழுதுங்கள். அடுத்த மாதம் எனக்குக் குடியுரிமை விழா இருக்கிறது, அதற்காகத்தான் இவர் பழியை ஏற்கப் பார்க்கிறார். அதையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது நிதானம் போய்விட்டது. ஆங்கிலமும் காலை வாரியது. இவர் இருபத்தாறு ஆண்டுகளாக என்னைத் தள்ளிக்கொண்டிருக்கிறார் என்றேன்.

அதிகாரி நாங்கள் வந்த சாலையைத் திரும்பிப் பார்த்தார்.

"பாவம், களைத்திருப்பாரே" என்றார்.

"இன்னா சொன்ன நீ?" தாவீது என் தோளைப் பிடித்தார். "உன் மூஞ்சே சரியில்லியே."

"உள்ளத சொன்னேன்."

"பைத்தியமாயா நீ? இவ்ளோ வர்ஷம் கட்டி வெச்சத ரோட்ல போட்டு ஒடைக்கிற."

அதிகாரிக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது. ஓடுகிற வண்டி ஒன்று இருந்ததே. பழுதானதை ஓரமாக விட்டுவிட்டு, இருவரும் அந்த ஒன்றில் ஏறி ஊருக்குப் போய் உதவி கேட்டிருக்கலாமே?

அப்படி ஒரு வழி இருப்பதே அவர் சொன்னபோதுதான் தெரிந்தது. தாவீதுக்கு மொழிபெயர்த்தேன். அவர் அதிகாரியை நேராகப் பார்த்து, தமிழிலேயே சொன்னார்: "வண்டிய நடு ரோட்ல உட்டுட்டு எவனா போவானா, மேடம்?"

இதையும் அப்படியே மொழிபெயர்த்தேன். அதிகாரி பேனாவை மூடினார். வழக்கு இல்லை, எழுத்து மூலமான எச்சரிக்கை, வண்டி உரிமையாளர் பெயரில் என்றார். பிறகு, கால் எந்த இடத்தில் வைக்கப்பட்டது என்று காட்டச் சொன்னார். தாவீது நிற்கும் வண்டியில் ஏறி, இடது காலை நீட்டி, கணுக்கால் எப்படி வளைய வேண்டும் என்பதுவரை காட்டினார். தன் பட்டறையில் புது ஆளுக்குக் காட்டுவது போல இருந்தது. அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு முழுவதும் பார்த்தார். வயர்லெஸ்ஸில் பேசி, பக்கத்துப் பண்ணையிலிருந்து டிரெய்லர் வரவழைத்தார்.

வாடகை வண்டியின் மீட்டரைப் பார்த்து தாவீது சொன்னார்: "பதினொன்னு வந்தாச்சி. இன்னும் மூணு கிலோமீட்டரு. இந்தம்மா அந்தாண்ட போனதும் தள்ளிடலாம்."

அன்று நான் மொழிபெயர்க்காமல் விட்ட வாக்கியம் இது மட்டும்தான்.

6

ஊர் என்பது ஒரு தெரு. அதில் திறந்திருந்த ஒரே கடையில் தேநீர் வாங்கி, வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.

"எழுதுறியா?" என்றார். பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அன்னிக்கி சாவடில நீ பேசாததுக்கு எனுக்குக் கோவம் இல்லன்னு நெனச்சிக்கினு இருந்தியா?"

நான் எழுதுவதை நிறுத்தினேன்.

"இருந்துச்சி. அடிச்சது அந்தாளு, அது வேற. நீ நெழல்ல குந்திக்கினு இருந்த பாரு, அதுக்குதான். அடுத்த வர்ஷம் வரக்கூடாதுன்னுதான் இருந்தேன்."

"பின்ன ஏன் வந்த?"

"உனுக்கு செயின் ஒயுங்கா மாட்டத் தெரியாது. எங்கனா நின்னுக்கினு இருப்பியேன்னு வந்தேன்." ஒரு மிடறு குடித்தார். "சும்மா சொல்லல. இன்னிக்கி நல்லாகீது."

தேநீரைச் சொன்னாரா என்று கேட்கவில்லை. தேநீர் வெந்நீர் மாதிரி இருந்தது.

திரும்பி வந்ததும் குடியுரிமை அலுவலகத்துக்கு எழுதினேன். வழக்கே இல்லாதபோது எதற்கு என்றாள் மல்லிகா. அவள் கேட்டதில் நியாயம் உண்டு. ஒன்பது ஆண்டுகள் இரவும் பகலும் வேலை செய்து இந்த இடத்துக்கு எங்களைக் கொண்டுவந்தவள் அவள். ஆனால் எச்சரிக்கை என்பது ஒரு தகவல். தகவலை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். காவ்யா என் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தாள். இருபத்தாறு ஆண்டுகளாகத் தள்ளிக்கொண்டிருக்கிறார் என்ற வாக்கியத்தை மட்டும் அப்படியே விட்டாள். இது சரிதானே என்று கேட்டதற்கு, தப்பு, ஆனா இருக்கட்டும்ப்பா என்றாள். தமிழில் சொன்னாள்.

பதில் வந்தது. என் கோப்பு மறுபரிசீலனையில் இருக்கிறது. விழாவுக்கு மல்லிகாவும் காவ்யாவும் போய்ச் சான்றிதழ் வாங்கினார்கள். நான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். இதை எழுதும்வரை எனக்குத் தேதி வரவில்லை. வந்தால் போவேன். வரும்வரை இந்த வீட்டில் வெளிநாட்டுக்காரன் நான் ஒருவன்தான் என்று காவ்யா கேலி செய்கிறாள். அந்தக் கேலி எனக்குப் பிடித்திருக்கிறது.

போன மாதம் வீடியோவில் தாவீது வந்தார். பின்னால் பட்டறை, அதற்குப் பின்னால் செங்கல்பட்டு பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே நகர்ந்தது. காவ்யா என் கையிலிருந்த போனை இழுத்து, "சித்தப்பா, கால் எப்படி இருக்கு?" என்றாள். அவர் சமாளித்துக்கொண்டு, "உங்க அப்பன் வந்தா தள்றதுக்கு ரெடியாகீது கண்ணு" என்றார். அவள் போனை என்னிடம் தந்துவிட்டுக் கிளம்பினாள்.

கடிதத்தை அவருக்குக் காட்டினேன். அதில் இருப்பதைத் தமிழில் வாசித்தேன். முகம் மாறிவிட்டது.

"என் பேரே இல்லியே அதுல! தள்னது யாரு, நீயா?"

"உன் பேரு வரக்கூடாதுன்னுதானே அவ்ளோ பேசினேன்."

"கேசுல வரக்கூடாது. பேப்பர்ல வரலாமில்ல? ரிப்போர்ட்டரா நீ?"

நியாயமான புகார். செய்தியில் முக்கியமான ஆள் விடுபட்டிருந்தால் அடுத்த பதிப்பில் சேர்க்க வேண்டும். ஒரு நகல் எடுத்து, அதன் அடியில், படத்துக்குக் கீழே குறிப்பு எழுதுவது போலத் தமிழில் இரண்டு வரி சேர்த்து அவருக்கு அனுப்பினேன். அதைச் சட்டம் போட்டுப் பட்டறையில் மாட்டியிருக்கிறார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் உள்ளே வந்து படித்துவிட்டுப் போகிறார்களாம். அதே இரண்டு வரிகளை ஃப்ரிட்ஜ் கதவில் உள்ள கடிதத்திலும் பேனாவால் எழுதினேன். மல்லிகா அதற்குப் பிறகு அதைக் கழற்றவில்லை.

தள்ளியவர்: ம. தாவீது, மெக்கானிக், உத்திரமேரூர்.
தூரம்: பதினொரு கிலோமீட்டர்.

எந்தத் தெரு என்று போடவில்லை. செய்திக்கு அது தேவைப்படவில்லை.